பாட்டியின் முந்தானை முடிச்சும் பேச்சைக் கேட்கும் பட்டியலும்

நம் பாட்டிமார்கள் ஒரு காரியத்தை மறக்கக் கூடாது என்றால் என்ன செய்வார்கள், நினைவிருக்கிறதா? முந்தானை நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். வேலைக்காட்டில் நிற்கும்போது அந்த முடிச்சு கையில் தட்டுப்படும். “ஆமாம், கடையில் உப்புச் சொல்ல வேண்டும்” என்று நினைவு வந்துவிடும். சில நாள் முடிச்சு இருக்கும். எதற்காகப் போட்டோம் என்பது மறந்து போயிருக்கும். அதற்கும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு அவிழ்த்துவிடுவார்கள்.

முடிச்சுக்கு அடுத்து வந்தது 555 புத்தகம். சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சின்னப் புத்தகத்தை அறியாத தோட்ட வீடு மலேசியாவிலும் இல்லை. அறியாத மளிகைக் கடை சிங்கப்பூரிலும் இல்லை. கடைக் கடன், சீட்டுப் பணம், வாங்க வேண்டிய சாமான் எல்லாம் அதற்குள்தான்.

இப்போது மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது. கைப்பேசியை எடுத்து, “நாளைக்குக் காலை எட்டு மணிக்குக் கிளினிக் போகணும்” என்று வாயால் சொன்னால் போதும். அது எழுதி வைத்துக்கொள்ளும்; நேரம் வந்ததும் மணி அடிக்கும். இத்தகைய செயலிகளில் பலவற்றுக்கு மாதச் சந்தா உண்டு. பேச்சைக் கேட்டு எழுத எதற்குப் பணம், நம் தமிழை அது கேட்குமா, நமக்கு அது வேண்டுமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடியதன் கதையைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஆணியில் தொங்கிய அட்டை

என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த ஒரு பிள்ளை இன்று சிங்கப்பூரில் தொழில்நுட்பராக வேலை செய்கிறான். விடியற்காலை ஜோகூர் பாலத்தைக் கடந்தால் வீடு திரும்ப இரவாகிவிடும். வீட்டில் தாயார் மட்டும். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்த்ததிலேயே பள்ளி வயது கழிந்து போயிற்று.

அவருக்குச் சர்க்கரை நோய். கிளினிக்கில் கொடுத்த அட்டை சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். அடுத்து எப்போது வர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். மகன் பார்த்து நினைவூட்டுவான். ஒரு முறை அவனுக்குத் தொடர்ந்து ஓவர்டைம், நாள் தவறிவிட்டது. மாத்திரை தீர்ந்தது. “அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்” என்று அந்த அம்மா இருந்துவிட்டார். காலில் ஒரு சிறு புண் வந்து, அது ஆறாமல் பெரிதாகி, கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

நான் பார்க்கப் போயிருந்தபோது அவர் சொன்ன சொல் இன்னும் என் காதில் இருக்கிறது: “அட்டையிலே எல்லாம் எழுதித்தான் இருந்துச்சு டீச்சர். அது எனக்குப் பேசலியே!”

மகன் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. ஆனால் எழுத்துத் தெரியாத தாயிடம் பேசும் ஒரு பட்டியல் வேண்டும் என்ற எண்ணம் அவனுக்குள் அன்றுதான் விழுந்தது.

தேக்காவில் ஒரு சோதனை

சென்ற பள்ளி விடுமுறையில் நான் சிங்கப்பூர் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தேக்கா எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். சிராங்கூன் சாலையில் நடக்க இடமிருக்காது. ஒரு பக்கம் பூக்கடை. ஒரு பக்கம் வீரமாகாளியம்மன் கோயில் மணி. தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளர்கள் ஊருக்குப் பேசிக்கொண்டு நிற்பார்கள். அவர்களில் பலர் தட்டச்சுச் செய்வதில்லை. கைப்பேசியை வாயருகே வைத்து, “அம்மா, காசு போட்டுட்டேன், பார்த்துக்க” என்று குரலாகவே அனுப்பிவிடுகிறார்கள். நம் மக்களுக்குப் பேனாவைவிடக் குரல் எளிது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அந்தச் சந்தடியில் என் மாணவன் ஒரு செயலியைத் திறந்து காட்டினான். பேர் வேண்டாம். ஏழு நாள் இலவசம் என்று சேர்த்துக்கொண்டு, எட்டாம் நாள் முதல் சத்தமில்லாமல் காசு பிடித்துக்கொண்டிருந்த செயலி அது. செயலியைக் கைப்பேசியிலிருந்து அழித்தும் மூன்று மாதம் பணம் போயிருக்கிறது. சந்தாவைத் தனியாக நிறுத்த வேண்டும் என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிந்ததாம்.

“இப்போ பாருங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு அதனிடம் பேசினான்: “வெள்ளிக்கிழமை கடைக்காரருக்குப் பத்து வெள்ளி கொடுக்கணும்.”

அது எழுதியதைப் படித்தேன். கிழமை இரண்டு தரம் வந்திருந்தது; பணத்தைக் காணோம். நமக்கு வெள்ளி என்றால் கிழமை. வெள்ளி என்றால் காசு. வெள்ளி என்றால் கொலுசும்கூட. ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு இது தெரியும். இயந்திரத்துக்குத் தெரியவில்லை.

இயந்திரத்துக்குக் காது வந்தது எப்படி?

நாம் பேசும் பேச்சு காற்றில் அலையாகப் போகிறது. கைப்பேசியின் ஒலிவாங்கி அந்த அலையை ஒரு நொடிக்கு 16,000 தடவை அளந்து எண்களாக்குகிறது. பிறகு அந்த எண்களை நொடியில் நாற்பதில் ஒரு பங்கு அளவுள்ள சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டும் எந்த ஒலி போலிருக்கிறது என்று பார்க்கிறது. ஒலிகளைச் சேர்த்துச் சொல். சொற்களைச் சேர்த்து வாக்கியம். ஐயம் வந்தால், முன்னே கேட்ட இலட்சக்கணக்கான வாக்கியங்களில் எது வழக்கம் என்று பார்த்து ஊகித்துக்கொள்கிறது. குழந்தை மொழி கற்பதும் ஏறக்குறைய இப்படித்தான். நிறையக் கேட்டால்தான் பேச்சு புரியும்.

இது ஒரு நாளில் வந்த வித்தையன்று. 1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் செய்த ‘ஆட்ரி’ என்ற இயந்திரம் பூச்சியம் முதல் ஒன்பது வரை எண்களை மட்டும் அடையாளம் கண்டது. அதுவும் பழகிய குரலாக இருந்தால்தான். இத்துறையை வளர்த்த பெரியவர்களில் ஒருவர் ராஜ் ரெட்டி. சித்தூர் மாவட்டத்துக் காட்டூர் என்ற கிராமத்தில் பிறந்து, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனவர். சென்னைக் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1958இல் பட்டம் பெற்றார். கணினி உலகின் மிகப் பெரிய விருதான டூரிங் விருது 1994இல் அவருக்குக் கிடைத்தது. கிராமத்துப் பிள்ளைதானே என்று யாரையும் குறைவாக நினைக்கக் கூடாது என்பதற்காகவே இதை வகுப்பில் நான் அடிக்கடி சொல்வேன்.

2022 செப்டம்பரில் ஓப்பன் ஏஐ நிறுவனம் ‘விஸ்பர்’ என்ற மென்பொருளை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டது. அதற்குக் கேட்கக் கொடுத்த ஒலிப்பதிவு 680,000 மணி நேரம்! இராப்பகலாக ஒருவர் உட்கார்ந்து கேட்டாலும் 77 ஆண்டு ஆகும். ஆனால் அதில் பெரும்பகுதி ஆங்கிலம். தமிழும் இருக்கிறது; கொஞ்சமாக இருக்கிறது. அள்ளிக் கொடுத்த மொழிக்கு நல்ல காது, கிள்ளிக் கொடுத்த மொழிக்கு மந்தக் காது. கதை அவ்வளவுதான்.

நம் தமிழின் வம்பு

தமிழில் வேறு சில சங்கடங்களும் உண்டு. எழுதுவது ‘வாங்க வேண்டும்’, பேசுவது ‘வாங்கணும்’. ‘க’ என்ற ஓரெழுத்து ‘கடை’யில் ஒரு விதமாகவும் ‘பங்கு’வில் ஒரு விதமாகவும் ‘பகல்’லில் ஒரு விதமாகவும் ஒலிக்கிறது. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ‘நாளன்னைக்கு’ என்றால் இன்றைக்கு இரண்டு நாள் கழித்து என்று அது கணக்குப் போட வேண்டும். ‘விடியக்காலை’ என்றால் மணி எத்தனை?

அத்தோடு நம் பேச்சில் மலாயும் ஆங்கிலமும் கலந்து கிடக்கின்றன. “பாசார் மாலாம்ல ரெண்டு கிலோ ஈக்கான் வாங்கிட்டு, லோரி வந்தா தவுக்கேகிட்ட சொல்லு” என்பதில் எத்தனை மொழி என்று எண்ணிப் பாருங்கள். ரப்பர்த் தோட்டத்தில் ‘பால் எடுக்கணும்’ என்றால் மரத்துப் பால்; பட்டணத்து வீட்டில் அது ஆட்டோ மாட்டோ தந்த பால். சென்னையில் கேட்டுப் பழகிய இயந்திரம் இங்கே வந்து விழிப்பதில் வியப்பில்லை.

சிங்கப்பூர் செய்த வேலை

இந்தச் சங்கடத்தைச் சிங்கப்பூர் முன்னமே கண்டுகொண்டது. கலந்து பேசும் மக்கள் அல்லவா! தமிழைப் பொறுத்தவரை அங்கே பாதை போட்டவர் ஓர் ஆசிரியர் என்பதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வருகிறது. நா. கோவிந்தசாமி சிறுகதை எழுத்தாளர். ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர். 1995 அக்டோபர் 27ஆம் தேதி, நான்கு மொழிச் சிங்கப்பூர்க் கவிதைகளைக் கொண்ட இணையத்தளம் ஒன்றை அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தார். இணையத்தில் தமிழ் எழுத்து அதிகாரபூர்வமாக ஏறியது அன்றுதான் என்பார்கள். அதற்குப் பின்னால் கோவிந்தசாமியின் உழைப்பு இருந்தது. 1997 மே மாதம் முதல் தமிழ் இணைய மாநாடும் சிங்கப்பூரில் அவர் முயற்சியால் கூடியது. 1999இல் அவர் காலமானார். ஐம்பத்து மூன்று வயது என்பது போகிற வயதா?

அவருக்குப் பின்னும் வேலை நிற்கவில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இலேயே ‘முரசு அஞ்சல்’ மென்பொருளைத் தொடங்கியவர். கைப்பேசியில் தமிழ் எழுத வழி செய்த அவருடைய ‘செல்லினம்’ 2005 தைப்பொங்கலின்போது சிங்கப்பூரில்தான் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது.

எழுத்து வந்தது; குரல்? தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2017இல் தேசியப் பேச்சுத் தொகுப்பு என்ற திட்டத்தை அறிவித்தது. சிங்கப்பூரர் பேசும் ஆங்கிலத்தை, அதன் தெருப் பெயர், சாப்பாட்டுப் பெயர் எல்லாவற்றோடும், ஆயிரக்கணக்கான மணி நேரம் பதிவு செய்தார்கள். 2018இல் பேச்சு ஆய்வுக்கூடம் ஒன்று அமைந்தது. 995க்கு வரும் அவசர அழைப்புகளில் மக்கள் பதற்றத்தோடு கலந்து பேசுவதை உடனுக்குடன் எழுத்தாக்கிக் குடிமைத் தற்காப்புப் படைக்கு உதவுவது அதன் முதல் முயற்சிகளில் ஒன்று. 2023 டிசம்பரில் 7 கோடி வெள்ளித் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. அதன் வழியே ஏ-ஸ்டார் ஆய்வு அமைப்பு ‘மெராலயன்’ என்ற பேச்சறியும் மாதிரியை 2024 டிசம்பரில் வெளியிட்டது. அடுத்து வந்த பதிப்பில் தமிழும் மலாயும் இடம்பெற்றன.

சரக்குச் செய்து விற்ற கதைக்கும் சிங்கப்பூரில் முன்னோடி உண்டு. சிம் வோங் ஹூ 1981இல் ஒரு சின்னக் கணினிக் கடையாக ‘கிரியேட்டிவ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் செய்த கணினி விலை போகவில்லை. 1987இல் கொண்டுவந்த இசை அட்டையும் பெரிதாகப் போகவில்லை. 1989இல் வந்த ‘சவுண்ட் பிளாஸ்டர்’ உலகமெங்கும் போயிற்று. அதுவரை ‘பீப்’ என்று மட்டும் கத்திய கணினிகள் அதற்குப் பிறகு பேசின, பாடின, நம் குரலைப் பதிந்தும் கொண்டன. 2023 ஜனவரியில் அவர் மறைந்தார். இரண்டு முறை சறுக்கிய பிறகுதான் மூன்றாம் முறை ஏறினார் என்பதை நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

ஏன் காசு கேட்கிறார்கள்?

இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குரலை எழுத்தாக்கும் வேலையைப் பல செயலிகள் தாமே செய்வதில்லை. தொலைவில் உள்ள பெரிய கணினிக்கு அனுப்புகின்றன. 2023 மார்ச்சில் ஓப்பன் ஏஐ அந்தச் சேவைக்கு வைத்த விலை நிமிடத்துக்கு 0.6 அமெரிக்கக் காசு. ஒருவர் நாளுக்கு 2 நிமிடம் பேசினால் மாதம் 60 நிமிடம். செலவு 36 காசு.

மாதச் சந்தா 3 டாலர் என்று வைத்துக்கொள்வோம். செயலிக் கடைகள் தங்கள் பங்காக நூற்றுக்கு 30 எடுத்து வந்தன. 2021 முதல் சிறு தயாரிப்பாளர்களுக்கு அதை 15 ஆகக் குறைத்தன. 15 என்றே வைத்தாலும் 45 காசு போய் 2 டாலர் 55 காசு. அதில் பேச்சுச் செலவு 36 காசு போக மிச்சம் 2 டாலர் 19 காசு. பரவாயில்லையே என்கிறீர்களா? பொறுங்கள். பணம் கட்டுகிற ஒருவருக்கு ஐந்து பேர் இலவசமாகப் பயன்படுத்தினால், அந்த ஐவரின் செலவு 1 டாலர் 80 காசு. கையில் நிற்பது 39 காசு! ஆப்பிள் கடையில் செயலியை வைக்க ஆண்டுக் கட்டணம் மட்டும் 99 டாலர். அந்தக் கட்டணத்தைக் கட்டவே 22 சந்தாதாரர் ஆண்டு முழுவதும் வேண்டும். செய்தவனின் கூலி இன்னும் கணக்கில் வரவில்லை.

ஆகவே காசு கேட்பது தவறன்று. சொல்லாமல் பிடிப்பதுதான் தவறு. சந்தாவில் சேருமுன் நீங்கள் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். எந்தத் தேதியில் இலவசம் முடிகிறது? கைப்பேசிக் கடையின் ‘சந்தாக்கள்’ பக்கத்தில் அதை நிறுத்தும் வழி எங்கே? என் குரல் எங்கே போகிறது, யார் வைத்துக்கொள்கிறார்கள்? வீட்டு வியாதி, கடன், குடும்பச் சண்டை எல்லாம் குரலில் வந்துவிடும் அல்லவா!

பட்டியல் மட்டும் போதும் என்கிறவர்களுக்கு இலவச வழியும் உண்டு. கூகுள் 2017 ஆகஸ்டிலேயே தமிழில் பேசி எழுதும் வசதியைக் கொடுத்துவிட்டது. விசைப்பலகையில் ஒலிவாங்கிப் படத்தைத் தட்டிப் பேசிப் பாருங்கள். முதலில் கொஞ்சம் தப்பும் தவறுமாக வரும். நிறுத்தி நிதானமாகச் சொன்னால் நன்றாகவே வரும்.

மகன் செய்த பட்டியல்

என் மாணவன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். ஞாயிறுதோறும் உட்கார்ந்து, இலவச மென்பொருளை வைத்து ஒரு சின்னச் செயலி செய்திருக்கிறான். திரையில் ஒரே ஒரு பெரிய பொத்தான். எழுத்தே கிடையாது. அம்மா அதை அழுத்திப் பேச வேண்டியது. அது கேட்டதைத் திருப்பிச் சொல்லும். “ஆமாம்” என்றால் வைத்துக்கொள்ளும். “இல்லை” என்றால் மறுபடி கேட்கும். கேட்டது சரியா என்று கேட்டுக்கொள்வதில்தான் பாதிப் பிழை போகிறது என்றான். வகுப்பறையிலும் அப்படித்தானே!

நேரம் வந்ததும் மணி அடிப்பதில்லை. மகன் தன் குரலிலேயே பதிந்து வைத்திருக்கிறான்: “அம்மா, நாளைக்குக் கிளினிக். அட்டையை எடுத்து வச்சுக்கங்க. சாப்பிட்டுட்டு மாத்திரை போட்டீங்களா?”

வெள்ளிக்கிழமையையும் பத்து வெள்ளியையும் அது இன்னும் சில நேரம் குழப்புகிறது. விற்பனைக்கு வைக்கவில்லை. வைத்தால் எப்படி என்று இருவரும் பேசினோம். “பட்டணத்தில் வேலை பார்க்கிற பிள்ளைகளிடம் சந்தா வாங்கலாம் டீச்சர். தோட்டத்தில் இருக்கிற தாய் தகப்பனிடம் வாங்கக் கூடாது” என்றான். கணக்குப் போட்டால் அது நிற்குமா என்று எனக்கு ஐயம்தான். நினைப்பு நல்ல நினைப்பு. அதை நான் தடுக்கவில்லை.

வாசகப் பெருமக்களே, நம்மால் ஆவதும் ஒன்று உண்டு. மொசில்லா அமைப்பின் ‘காமன் வாய்ஸ்’ என்ற திட்டத்தில் யாரும் தமிழ் வாக்கியங்களைப் படித்துத் தங்கள் குரலைக் கொடுக்கலாம்; காசில்லை. நம் தோட்டத்துக் குரல் அதில் சேர்ந்தால்தான் நாளைய இயந்திரம் நம் பேச்சைப் புரிந்துகொள்ளும். நாம் பேசாமலிருந்துவிட்டு, அது நம்மைக் கேட்கவில்லை என்று குறை சொல்வதில் நியாயமில்லை. படிக்கத் தெரிந்த பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். இன்றிரவே பாட்டியின் கிளினிக் அட்டையை ஆணியிலிருந்து எடுத்து, தேதியை உரக்கப் படித்துக் காட்டுங்கள். எந்தச் செயலி வருவதற்கும் முன்னால் செய்யக் கூடிய காரியம் அது.

விடைபெறும்போது அந்த அம்மாவிடம், “இப்போது மறதி இல்லையே?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே முந்தானையைத் தூக்கிக் காட்டினார். நுனியில் ஒரு முடிச்சு.

“இருக்கட்டும் டீச்சர். போன்ல சார்ஜ் தீர்ந்து போனா?” என்றார்.